கேட்காமல் வைத்த பேனர்

ஜூன் 3, திங்கள்

பிரஷர் நூற்று எழுபதாம். கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிக்கொண்டே டாக்டர், "தங்கமாயன், இன்னைக்கு யாரையெல்லாம் திட்டுனீங்க?" என்று கேட்டார். நான் யோசித்துச் சொல்ல ஆரம்பித்ததும் போதும் போதும் என்று கையைக் காட்டிவிட்டார். உப்பைக் குறைக்க வேண்டுமாம், மாத்திரையை விடக்கூடாதாம், கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் ஒரு நோட்டில் எழுத வேண்டுமாம். எழுதிய கோபம் தலைக்கு ஏறாதாம். எழுதித்தான் பார்ப்போமே. இங்க் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் தருகிற டைரி கடையில் சும்மாதான் கிடக்கிறது.

இன்றைய கோபம் ஒரு கஸ்டமர். மகள் பெரியவளானதற்குச் சடங்கு, பத்துக்கு எட்டு அடி பேனர். அதில் சொந்தக்காரர் நாற்பது பேர் முகம் வர வேண்டுமாம், ஆளுக்கொரு கூலிங்கிளாஸோடு. "சடங்கு யாருக்குண்ணே, புள்ளைக்கா உங்களுக்கா?" என்று கேட்டேன். முறைத்தான். கடைசியில் குபேந்திரன்தான் சமாதானம் பண்ணி முகங்களை வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டினான். பன்னிரண்டு வருஷமாக என் கடையில் டிசைனும் பிரிண்ட்டும் அவன்தான். இந்த ஆண்டிபட்டியில் அவனைப்போல ஒரு பொறுமைசாலி கிடையாது.

வீட்டுக்காரி வீரலட்சுமி மாதச் சாமான் வாங்கி வந்தாள். பையை இறக்கும்போது பார்த்தேன், பொம்பளைகள் சமாச்சாரப் பாக்கெட் நாலு. ஒருத்திக்கு எதுக்கு நாலு என்றேன். "ஆஃபர்ல போட்டான், ஒங்களுக்கென்ன?" என்று பிடுங்கிக்கொண்டு போனாள். ஆஃபர் என்றால் உப்பையும் வண்டி வண்டியாக வாங்குவாள்.

ஜூன் 5, புதன்

வக்கீல் நோட்டீஸ்! எனக்கு! பத்தொன்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன். ஆளுங்கட்சி பேனரும் போட்டிருக்கிறேன், எதிர்க்கட்சி பேனரும் போட்டிருக்கிறேன், ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது விஷ்ணுப்பிரியா என்கிற பத்தொன்பது வயதுப் பெண் அனுப்பியிருக்கிறாள்.

சங்கதி இதுதான். அவளுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் சடங்கு நடந்தபோது பேனர் போட்டது நான். கடையின் முன்கண்ணாடியில் மாதிரிக்கு ஒட்டியிருப்பது அவள் முகம்தான், கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலும் அதே படம்தான். அவள் சம்மதம் இல்லாமல் அப்படிக் காட்டுவது அரசியல் சாசனத்தின் இருபத்தோராவது பிரிவு தந்திருக்கும் அந்தரங்க உரிமைக்கு விரோதமாம். பதினைந்து நாளுக்குள் எடுத்துவிட்டு எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

மன்னிப்பா? அந்தப் படத்துக்கு ஒரு முழு நாள் உட்கார்ந்தவன் நான். பின்னால் நிலா, சடையில் அடுக்கு மல்லிகை, கண்ணில் சின்னதாக ஒரு வெளிச்சம். சொந்த அம்மாவே பார்த்து அழுதாள். சுற்றுவட்டாரச் சடங்கு ஆர்டரில் பாதி அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் வருகிறது. இதெல்லாம் ஒரு கேஸா!

வீட்டில் நோட்டீசைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வீரலட்சுமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு தோசை ஊற்றினாள். மகள் கனிஷ்காதான் கேட்டாள். "எடுத்துருவீங்களாப்பா?"

"எதுக்குடா எடுக்கணும்?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். தட்டில் பாதித் தோசை மிச்சம். சோற்றை வீணாக்கினால் எனக்குப் பிடிக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 6, வியாழன்

கோபம் இறங்கவில்லை. எழுதினால் இறங்கும் என்று சொன்ன டாக்டர் மேலேயும் கொஞ்சம் கோபம் வருகிறது.

ஜூன் 7, வெள்ளி

நேராகவே போய்விட்டேன். உரக்கடை மாடியில் வக்கீல் ஆபீஸ். பெனிட்டா என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. நான் படியேறும்போதே கத்திக்கொண்டு போனதால் கீழே உரம் வாங்க வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அவ அப்பன் ஆர்டர் குடுத்தான், நான் செஞ்சேன். இதுல என் தப்பு என்னம்மா?"

"மொதல்ல உக்காருங்கண்ணே, தண்ணி குடிங்க." குடித்தேன். "அப்பா ஆர்டர் குடுத்தது ஒரு விழாவுக்கு. ஆறு வருஷமா கண்ணாடில ஒட்டி வைக்கச் சொல்லலையே?"

"சரி, ஒட்டுனேன். அதுக்குப் போயி அரசியல் சாசனமா? அதுல உயிர் வாழுற உரிமைன்னுதான் இருக்காம். நேத்தே ஒரு குமாஸ்தாகிட்ட விசாரிச்சுட்டேன். நான் யாரு உயிர எடுத்தேன்?"

சிரித்தாள். "அந்த உயிர் வாழுற உரிமைக்குள்ளதான் அந்தரங்கமும் இருக்குன்னு சுப்ரீம் கோர்ட்டுல ஒம்பது நீதிபதிங்க சேந்து சொல்லிட்டாங்கண்ணே. ரெண்டாயிரத்துப் பதினேழுல."

"அந்த ஒம்பது பேரும் எங்க பக்கத்துச் சடங்கு ஒண்ணுக்காச்சும் வந்திருக்காங்களா? அதுவுமில்லாம அதெல்லாம் சர்க்காருக்குத்தானம்மா. நான் என்ன சர்க்காரா?"

"அது நல்ல கேள்வி" என்றாள், கிண்டல் பண்ணாமல். "கோர்ட்டுல கேட்டா ரெண்டு பக்கமும் நெறைய பேசுவாங்க. அதுக்குத்தான் மொதல்ல நோட்டீஸ். கேஸ் வேணாம், படத்த எடுத்தாப் போதும்னு இவ சொல்றா."

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தேன். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண்ணாடியில் இருக்கிறவள் வேறு, கறுப்பாகக் குச்சியாக இவள் வேறு. நான்தான் அப்போது வெள்ளையாக்கியிருப்பேன், எல்லோருக்கும் பண்ணுவதுதான்.

"அண்ணே, நான் தேனில நர்சிங் படிக்கிறேன்" என்றாள். "போன மாசம் வார்டுல ஒரு ஆளுக்கு ஊசி போடப் போனேன். நீ அந்த ஃபிளக்ஸ் கட கண்ணாடில இருக்க புள்ளதானன்னு கேட்டான். நீ எப்பச் சமஞ்சன்னு எனக்குத் தெரியும்மான்னு சொல்லிச் சிரிச்சான். பக்கத்து பெட்டுக்காரனும் சிரிச்சான். நான் ஊசியக் கைல வச்சுக்கிட்டு நிக்கிறேன்."

எவனோ ஒரு போக்கிரி பேசியதற்கு நான் என்ன பண்ணுவது? அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். எடுக்க முடியாது என்றும் சொன்னேன். இறங்கும்போது ஒரு படி தவறிக் கால் பிசகிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

குலதெய்வம் கோயிலில் பொங்கல். கனிஷ்காவுக்கு வயிற்றுவலி, வரவில்லை. இந்தப் பிள்ளைக்குக் கோயில் என்றாலே வயிறு வலிக்கிறது. பங்குனியிலும் இப்படித்தான். ரோட்டுக்கடைப் புரோட்டாவை நிறுத்தினால் சரியாகிவிடும்.

மச்சினன் ராசாங்கம் உசிலம்பட்டியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். வீரலட்சுமிக்கு ஒரே தம்பி, கனிஷ்காவுக்கு ஒரே தாய்மாமன். அரிசி மில் வைத்திருக்கிறான், உடம்பும் மில் மாதிரிதான். பொங்கல் பொங்குவதற்குள் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"மச்சான், தப்பா நெனைக்காதீக. புள்ளைக்குப் பதினாலு முடியப் போவுது. அவ செட்டுப் புள்ளைகளுக்கெல்லாம் சடங்கு முடிஞ்சு போச்சு. என் சம்சாரம் கேக்குறா, ஒரு டாக்டர்கிட்டக் காட்டலாமுல்லன்னு."

"வரும் மாப்ள, ஒடம்பு வாகு."

"எனக்கு ஒரே மருமக மச்சான். செண்டை மேளம் சொல்லி வச்சிருக்கேன், குதிர வண்டிக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஒங்க பேனரும் என் சீரும் இந்த ஜில்லாவே பேசணும்."

என் பேனர். அதை நான் நினைக்காத நாள் உண்டா? இருபதுக்குப் பத்து, பஸ் ஸ்டாண்டு முக்கில். பெற்ற மகளுக்குச் செய்வதற்கென்றே ஒரு டிசைனை யாருக்கும் கொடுக்காமல் மனசுக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் ராசாங்கம் சொன்னதிலிருந்து வேறு நினைப்பே ஓடவில்லை. பிள்ளைக்கு உள்ளுக்குள் ஏதாவது கோளாறாக இருந்தால்?

வீட்டுக்கு வந்து வீரலட்சுமியிடம் சொன்னேன். "அடுத்த மாசம் பாப்போம்" என்றாள். தாய்க்காரி பேசுகிற பேச்சா இது!

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. கனிஷ்கா பத்தாம் வகுப்பு. முன்பெல்லாம் பள்ளிவிட்டதும் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இப்போது இரண்டு வருஷமாகக் கடைப்பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. வேனில் நேராக வீடு. படிப்பு அதிகம்.

ஜூன் 13, வியாழன்

சனிக்கிழமை தேனியில் லேடி டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டேன். வீரலட்சுமி மத்தியானத்திலிருந்து என்னிடம் பேசவில்லை.

ஜூன் 15, சனி

எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும்.

ஆம்பிளைகள் வெளியே உட்காருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். கேட்கவில்லை, கூடவே நுழைந்தேன். என் பிள்ளை, என் கவலை. டாக்டர் அம்மா நல்ல மாதிரி. "என்ன செய்யுது?" என்று கேட்டார். வீரலட்சுமி தரையைப் பார்த்தாள். நான்தான், "பதினாலு முடியப் போவுதும்மா, இன்னும் புள்ள..." என்று இழுத்தேன்.

டாக்டர் கனிஷ்காவைப் பார்த்தார். "இதுவரைக்கும் வந்ததே இல்லையாம்மா?"

கனிஷ்கா அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரிடம், பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். "வந்துச்சு டாக்டர். போன ஞாயித்துக்கெழம."

"ஓ. அதுதான் மொதத் தடவையா?"

"இல்ல. மொதத் தடவ எட்டாப்பு படிக்கைல. அரப்பரீட்சை லீவுல."

எட்டாவது! ஒன்றரை வருஷம்! அதற்குப் பிறகு அவர்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டார்கள், ஒழுங்காக வருகிறதா, வலி எத்தனை நாள் என்று. நான் ஒருத்தன் அந்த அறையில் இருப்பதாகவே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பொண்ணு நல்லா இருக்கா. நீங்கதான் வேர்த்துக் கொட்டுறீங்க. பிரஷர் மாத்திரை போடுறீங்களா?"

பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் வந்தோம்.

ஜூன் 16, ஞாயிறு

கத்தித் தீர்த்துவிட்டேன். டாக்டர் மன்னிக்கட்டும். பெற்ற அப்பனுக்குத் தெரியாமல் ஒன்றரை வருஷம் ஒரு வீட்டுக்குள் நாடகம்! தாய்மாமனுக்குத் தெரியாமல்! ஓலைக் குச்சு கட்டித் தனியாக உட்காரவைக்கவில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, ஒரு பிடி புட்டு அவிக்கவில்லை. ஊர் உலகத்தில் எங்கேயாவது நடக்குமா இது?

வீரலட்சுமி அழவில்லை. நான் மூச்சு வாங்கியபோது பேசினாள்.

"தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா ஒங்க மக. அப்பாகிட்டச் சொன்னா பேனர் வச்சுருவாரு, சொன்னீன்னா நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னா. நான் என்ன செய்ய?"

"பேனர் வச்சா என்னடி? பெருமைதான?"

"கடையில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்ல. அப்ப ஒருநா யாரோ ஒரு புள்ள படத்தப் பெருசாக்கி வச்சிருந்தீகளாம். பேனர் வாங்க வந்த ஆளு ஸ்க்ரீனப் பாத்து ஒரு பேச்சு பேசுனானாம், புள்ள நல்லாத்தான் வளந்திருக்குன்னு."

"எவன்? எப்ப?"

"எவனோ. நீங்க சிரிச்சீகளாம்."

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. கடைக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், ஆயிரம் பேசுகிறார்கள். கஸ்டமர் சிரித்தால் நாமும் சிரிக்கத்தான் வேண்டும், அது வியாபாரம். அப்படிச் சிரித்திருந்தாலும் மனசில் ஒன்றும் வைத்துச் சிரித்திருக்க மாட்டேன்.

அந்த ஆள் யாராக இருக்கும் என்று சாயந்தரம் வரை யோசித்தேன். அப்படிப் பேசக்கூடியவர்கள் நிறையப் பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

கனிஷ்காவின் அறை வாசலில் நின்று பேசினேன். உள்ளே போகவில்லை.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்டா."

"மாமாகிட்ட?"

"மாமாகிட்டயும்தான்."

"பேனரும் கிடையாது?"

"கிடையாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் சாயந்தரம் நான் கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. ராசாங்கம் இரண்டு தரம் போன் பண்ணினான், டாக்டர் என்ன சொன்னார் என்று. எல்லாம் நார்மல், பொறுத்திருங்கள் என்றார் என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து பொய் இவ்வளவு சுத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 20, வியாழன்

மத்தியானம் குபேந்திரன் சாப்பிடப் போயிருந்தான். கடையில் ஆளில்லை. சும்மாதான் உட்கார்ந்தேன்.

வைக்கப் போவதில்லை. பார்க்கத்தான். எத்தனை வருஷமாக மனசுக்குள் இருந்தது, கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன், அதில் யாருக்கு என்ன நஷ்டம்? போன தையில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்றாளே, அந்தப் படத்தை எடுத்தேன். பின்னால் வைகை அணை, தண்ணீர் மேல் சாயந்தர வெயில். பக்கத்தில் ஒரே ஒரு தாமரை. வட்ட முகங்கள் கிடையாது, கூலிங்கிளாஸ் கிடையாது. 'எங்கள் செல்வமகள் கனிஷ்காவின் பூப்புனித நீராட்டு விழா.' நாள் போடும் இடத்தைக் காலியாக விட்டேன். முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கினேன், பழக்கம். அப்புறம் பார்த்தால் அவள் மாதிரி இல்லை. பழையபடி மாற்றினேன்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று தெரியவில்லை. குபேந்திரன் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடினேன். சேமிக்கும்போது கைப்பழக்கத்தில் பெயரோடு 'இருபதுக்குப் பத்து, ஃபைனல்' என்று அடித்துவிட்டேன் போலிருக்கிறது. நாளைக்கு அழித்துவிட வேண்டும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியத்தை மீறவில்லை.

ஜூன் 22, சனி

முகூர்த்த நாள் நெருங்குகிறது, மூச்சுவிட நேரமில்லை. கண்ணாடிப் படத்துக்கு நோட்டீஸ் கெடு முடிந்துபோனது. வக்கீல் கேஸ் போட்டால் போடட்டும்.

ஜூன் 24, திங்கள்

ஃபிளக்ஸ் ரோல் எடுக்க அதிகாலை பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். கடைக்காரன் இன்னும் ஷட்டர் திறக்கவில்லை, டீ குடித்துக்கொண்டு நின்றேன். போன் டிங் டிங் என்று அடித்தது. முதலில் பால்காரர். 'வாழ்த்துகள் தங்கமாயன்.' எதுக்கு வாழ்த்து? அடுத்து வார்டு கவுன்சிலர், ஒரு கும்பிடு. அடுத்து பள்ளிக்கூட வேன் டிரைவர். 'அண்ணே, பேனர் சும்மா தூக்கலா இருக்கு, வேனை நிறுத்திப் புள்ளைகளுக்குக் காட்டிட்டேன்.' கீழே படம்.

பஸ் ஸ்டாண்டு முக்கு. இருபதுக்குப் பத்து. வைகை அணை, தாமரை, என் மகள். கீழே நான் எழுதாத ஒரு வரி. 'அன்புடன் வாழ்த்தும் மாயன் ஃபிளக்ஸ் ஊழியர்கள்.'

டீ கிளாஸ் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. காலில் சூடு பட்ட பிறகுதான் பார்த்தேன். குபேந்திரனுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் சிரிக்கிறான். "எப்படிண்ணே சர்ப்ரைஸ்?"

"எறக்குடா."

"என்னண்ணே?"

"எறக்குடா! இப்பவே எறக்கு!" டீக்கடையே திரும்பிப் பார்த்தது. என் குரல் உடைந்து வேறு யாரோ கத்துவது மாதிரி இருந்தது.

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். ஆட்டோ ஸ்டாண்டுக்காரன் வீட்டு விசேஷத்துக்கு மற்ற டிரைவர்கள் சொல்லாமல் பேனர் வைப்பார்கள், டீ மாஸ்டர் வீட்டுக்குக் கடைக்காரர்கள் வைப்பார்கள். முக்குக்கு வந்து தன் வீட்டுப் படத்தைத் தானே பார்த்து ஆள் அசந்து நிற்க வேண்டும், அதில்தான் சந்தோஷம். எனக்கே எத்தனை பேர் இரகசியமாக ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்! சனிக்கிழமை ஏதோ தேடும்போது ஃபைலைப் பார்த்திருக்கிறான். ஃபைனல் என்று வேறு இருக்கிறது. "ஊருக்கெல்லாம் போடுறோம், ஒங்க புள்ளைக்கு நீங்களே போடக் கூச்சப்படுறீங்கன்னு நெனச்சேண்ணே" என்றான். அழுதான். சட்டம் அடித்து, சவுக்குக் கம்பு நட்டு, கூலி வாங்காமல் நாலு பேர் விடியக்காலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது முக்கில் வெறும் கம்புகள்தான் நின்றன. மூன்று மணி நேரம் நின்றிருக்கிறது.

கனிஷ்காவைக் கூப்பிட்டு வர பள்ளிக்குப் போனாள் வீரலட்சுமி. வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். எல்லாப் பீரியடும் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமான வேனில், வழக்கமான நேரத்துக்கு வந்து இறங்கினாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தாள். கை கால் கழுவினாள். அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

பையன்கள் வகுப்பு வாட்சப் குழுவுக்கு அவள் படத்தை முகப்புப் படமாக வைத்திருக்கிறார்களாம். வீரலட்சுமி சொன்னாள், அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதாக.

ஜூன் 25, செவ்வாய்

பள்ளிக்குப் போகவில்லை.

விடிந்ததும் தெரிந்தவன் தெரியாதவன் வாசலெல்லாம் ஏறி இறங்கினேன். 'அந்தப் படத்த அழிச்சுருங்க, தயவுசெஞ்சு.' பால்காரர் தலையைச் சொறிந்தார். "நீ வச்ச பேனர்தானப்பா? ஊரு பாக்கத்தான வச்ச?" கவுன்சிலர், தன் குழுவில் போட்டது தன் உதவியாளன் என்றார். உதவியாளன், தனக்கு வேறு யாரோ அனுப்பியது என்றான். ஒருத்தன் அழித்துவிட்டதாகக் காட்டினான், அவன் பக்கத்தில் நின்றவன் போனில் அதே படம் இருந்தது. ஒரு பையன் சிரித்தான். என்ன சொல்லிச் சிரித்தான் என்பதை இங்கே எழுத என் கை வரவில்லை. சட்டையைப் பிடித்துவிட்டேன், விலக்கிவிட்டார்கள்.

மத்தியானம் ராசாங்கம் வந்து இறங்கினான். பாதி சந்தோஷம், பாதி ஆத்திரம்.

"என்ன மச்சான், தாய்மாமன் எனக்கு வாட்சப்புல தெரியணுமா? பேனர் வச்சுட்டு எறக்கிட்டீகளாம், ஏன், என் பேரு போடலன்னா? சரி விடுங்க, ஆடிக்கு முன்னாடி ஒரு நாளப் பாருங்க, செண்டை மேளத்துக்கு அட்வான்ஸ்..."

"சடங்கு கிடையாது மாப்ள."

"வெளையாடாதீக."

"அவளுக்கு வேணாமாம். அதனால கிடையாது."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இனி மறச்சு என்ன மச்சான்? சீர் செய்யாத தாய்மாமன்னு என்னயக் காறித் துப்புவாங்கெ. எங்க அக்கா வீட்டு வாசல மிதிக்கவேணாம்னு நேரடியாச் சொல்லிருங்க." வீரலட்சுமி தம்பி கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போய்விட்டான். அவன் நல்லவன். அந்த மேளத்தை எத்தனை வருஷமாகக் காதில் கேட்டுக்கொண்டிருந்தானோ.

சாயந்தரம் கடைக் கண்ணாடியில் இருந்த விஷ்ணுப்பிரியாவைச் சுரண்டி எடுத்தேன். ஆறு வருஷ வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் போட்டு, பிளேடு வைத்து, விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. குபேந்திரன் உதவிக்கு வந்தான், வேண்டாம் என்றேன்.

ஜூன் 26, புதன்

இன்றும் போகவில்லை. சாப்பாட்டை வீரலட்சுமி உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

வக்கீல் பெனிட்டாவுக்குப் போன் பண்ணினேன். கண்ணாடிப் படத்தை எடுத்ததை, ஃபேஸ்புக்கில் அழித்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கடிதமும் தருகிறேன் என்றேன். அப்புறம் போனை வைக்காமலே நின்றேன். எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, என் பாட்டுக்குக் கொட்டிவிட்டேன். அந்த இருபத்தோராவது பிரிவு என் மகளுக்கும் உண்டுதானே என்று கேட்டேன்.

"உண்டுண்ணே. பொறந்த அன்னைலேர்ந்து உண்டு."

"அப்ப அந்தப் படத்த எல்லாப் போன்லேர்ந்தும் எடுக்க ஒரு வழி சொல்லும்மா."

"பசங்க குழுவுல இருக்கத எடுக்க வைக்கலாம். ஸ்கூல்ல பேசுறேன், ஒத்து வரலன்னா போலீசுக்குப் போலாம். மத்தது..." நிறுத்தினாள். "பாத்தத யாரும் பாக்காததா ஆக்க எந்தக் கோர்ட்டாலயும் முடியாதுண்ணே. அதனாலதான் வைக்கிறதுக்கு முன்னாடி கேக்கணும்கிறாங்க. பாப்பாவுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இரண்டு நாளாக ஊர் முழுக்கக் கெஞ்சியிருக்கிறேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

காலையில் கதவு திறந்தது. கனிஷ்கா யூனிபார்ம் போட்டு, இரட்டைச் சடை பின்னி, நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன்டா. சத்தியம் பண்ணிட்டு அந்தப் படத்தச் செஞ்சேன். நான்தான் செஞ்சேன், குபேந்திரன் இல்ல."

"தெரியும். தாமரை நீங்க வரையிற மாதிரி இருந்துச்சு."

"என்ன வேணும் சொல்லு. வேற ஸ்கூல் வேணுமா? வேற ஊருக்குப் போலாமா? கடைய மூடிரவா? எதுனாலும் செய்றேன்."

அவள் ஷூ நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். அப்புறம் கேட்டாள்.

"எத்தன பேரு பாத்திருப்பாங்கப்பா?"

"ரொம்ப இல்லடா. மூணு மணி நேரந்தான் நின்னுச்சு."

"அந்த முக்குல எத்தன பேரு பாப்பாங்கன்னு கஸ்டமர் கேட்டா என்ன சொல்வீங்க?"

எல்லாக் கஸ்டமரும் முதலில் கேட்பது அதைத்தான். நகைக்கடைக்காரன் கேட்பான், கட்சிக்காரன் கேட்பான், எத்தனை பேர் கண்ணில் படும் என்று. தொழில் ஆரம்பித்த புதிதில் நானே அந்த முக்கில் நின்று எண்ணிப் பார்த்தவன். தேனி பஸ், மதுரை பஸ், சந்தைக்கு வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த எண்ணிக்கையைச் சொல்லித்தான் இந்த வீட்டைக் கட்டினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"காலை நேரம்னா... எட்டாயிரம் பேரு."

தலையை ஆட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், அம்மா நீட்டிய தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"எட்டாயிரம் பேருக்குப் பயந்து எந்த ஊருக்குப்பா போறது? நான் ஸ்கூலுக்கே போறேன்."

நான் பதறி எழுந்தேன். "இரு, நான் வேன் வரைக்கும் வர்றேன்."

வாசல்படியில் திரும்பி நின்றாள். "வேணாம். எனக்கு என்ன வேணும்னு கேட்டீங்கல்ல. நீங்க வராதீங்க. ஜன்னல்லேருந்தும் பாக்காதீங்க."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. யாரோ ஒரு பையன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான், நாலைந்து பேர் சிரித்தார்கள். என் கால் தானாக வாசலுக்குப் போனது. வீரலட்சுமி என் கையைப் பிடித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, வேன் கிளம்பிப் போகிற சத்தம் தேயும்வரை நின்றேன்.